ஆணையரின் விக்கல்

“என் ஆபீசுல ஒருத்தருக்கும் புதுசா எதுவும் தெரியல சாமி” என்றார் நகராட்சி ஆணையர் குலசேகரன். சொல்லி முடிப்பதற்குள் விக்கல் எடுத்தது.

ஆசிரமத்துத் திண்ணையில் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆணையரைவிட வயதில் இளையவர். அதனால் அறிவுரை சொல்வதில் அவசரமில்லை.

“ஒண்ணாந்தேதியிலேருந்து வரி, குடிநீர், பிறப்புச் சான்று எல்லாமே புது கம்ப்யூட்டர் முறை. பழசை மூடிடுறாங்க. ஊரே என் வாசல்ல வந்து நிக்கப்போகுது. பயத்துல சோறு இறங்கல.”

“பயிற்சி இல்லையா?”

“இல்லாமலா? அடிக்கடி சென்னையில நடக்குது. எல்லாத்துக்கும் ஆள் அனுப்பியிருக்கேன்.”

“யாரை?”

“கோதண்டத்தை.”

“அவருக்கு என்ன வேலை?”

“பூங்காவுல ரேடியோ போடுறது. ரேடியோ கெட்டுப்போய் ரொம்ப வருஷமாச்சு. வரிப் பிரிவு ஆளை அனுப்பினா வேலை நின்னுடும் சாமி. குடிநீர் ஆளை அனுப்பினாலும் நின்னுடும். இவர்தான் சும்மா இருக்கார்.”

“கத்துக்கிட்டாரா?”

“கரைச்சுக் குடிச்சிட்டார். ட்ரோன்கூட விடுவார். இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுறார்.”

ஆணையருக்கு அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு விக்கல் வந்தது.

சாமி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஆணையர் கை நீட்டினார். சாமி அவரைத் தாண்டிப் போய், கார் அருகே நின்ற டிரைவர் செல்லையாவிடம் கொடுத்தார்.

“குடிங்க.”

சாமி கொடுத்து வேண்டாம் என்பதா? செல்லையா மடமடவென்று குடித்தார்.

“சாமி, விக்கல் எனக்கு!”

“தெரியும். நீங்க முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கீங்க. அவர்தான் சும்மா இருக்கார்.”

ஆணையர் வாயைத் திறந்தார். விக்கல்தான் வந்தது.

சாமி இன்னொரு சொம்பு நிரப்பி, செல்லையாவிடமே நீட்டினார். செல்லையா அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார். “வயிறு முட்டுது சாமி. ஐயாவுக்கு இன்னும் நிக்கலையே!”

ஆணையர் சற்று நேரம் செல்லையாவின் வயிற்றையே பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டார்.

“கோதண்டம் எங்கய்யா?”

“பூங்காவுல சும்மாதான் இருக்கார் சார்” என்றார் மேலாளர். “அடுத்த பயிற்சிக்குப் பேர் குடுத்துடவா?”

“வேணாம். என் ரூமுக்கு வரச்சொல்லு. அவர் பாடம் எடுக்கட்டும். எல்லாரும் வந்து உக்காருங்க. எனக்கும் ஒரு நாற்காலி போடு.”

“எல்லாருமா? வேலை நின்னுடுமே சார்!”

ஆணையருக்கு மறுபடியும் விக்கல் எடுத்தது.

இந்த முறை செல்லையா சாமியைப் பார்க்கவில்லை. சொம்பை நேரே ஆணையர் கையில் கொடுத்தார்.