கண்ணாடிக்குள் இருந்த பங்காளி

ஊருக்குப் பேர் வேண்டாம், நம்ம ஊர் மாதிரிதான் அதுவும். அங்கே ஒரு செம்பருத்திச் செடி, அந்தச் செடியில் ஒரு தேன்சிட்டுக் குடும்பம். எவ்வளவு பெருசு? உன் கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். புருஷன் மினுக்கன் நிழலில் நின்றால் கறுப்பு, வெயிலுக்கு வந்தால் நீலம், திரும்பினால் ஊதா. பெண்டாட்டி சிட்டாயிக்கு அந்தப் பகட்டெல்லாம் இல்லை, முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள். ஆனால் கூடு கட்டினது அவள்தான். சிலந்தி நூலை இழுத்து, சருகும் மரப்பட்டையும் ஒட்டி, காக்கா கால்வைக்க முடியாத நுனிக்கொம்பில் குப்பை தொங்குகிற மாதிரியே கட்டினாள். உள்ளே ரெண்டு முட்டை. மினுக்கன் என்ன செய்தான்? பாடினான். அந்தக் குலத்து ஆம்பளைக்கு பாட்டும் சண்டையும்தான் வேலை.

பக்கத்து வேப்பமரத்தடியில் முடிதிருத்துகிற மருதப்பன் ஒரு நாள் மரத்தில் கண்ணாடி மாட்டினார். மினுக்கன் எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னொருத்தன், அதே நீலம், அதே ஊதா. வந்ததே கோபம். கொத்தினான், அவனும் கொத்தினான். பறந்தான், அவனும் பறந்தான். வைதான், அவனும் வாயைத் திறந்தான், சத்தம்தான் வரவில்லை.

"திமிரைப் பாரு, பதில்கூடச் சொல்ல மாட்டேங்கிறான்."

மேலே இருந்த காக்காவுக்குக் கண்ணாடி சங்கதி தெரியும். அப்போதெல்லாம் காக்கா கழுத்தும் கன்னங்கரேல்தான், கேட்டுக்கோ. இறங்கி வந்து, "மாப்ளே, அவனை நான் விரட்டுறேன், என்ன தருவே?" என்றது.

"எது வேணும்னாலும் கேளு."

"உன் வீட்டு முட்டை."

கோபக்காரனுக்கு யோசனை ஏது? எடுத்துக்க என்றான், கூட்டையும் மூக்கை நீட்டிக் காட்டிவிட்டான்.

சிட்டாயி கூட்டிலிருந்து விருட்டென்று வெளியே வந்தாள். "யோவ், புத்தியை எங்கேய்யா அடகு வச்சே?"

"வாக்கு வாக்குதான் தாயி," என்றது காக்கா. "தரலைன்னா என் சொந்தக்காரங்களைக் கூட்டிவந்து கொம்பையே முறிச்சுடுவேன்."

சிட்டாயி றெக்கையை உதறினாள். "யாரு இல்லைன்னு சொன்னா? ஆனா வேலை முடியாம கூலி கொடுக்கிற வீடு இது இல்லை, காக்காண்ணே. காலையில எம்புருஷன் போய்ப் பார்ப்பாரு. ஆள் இல்லைன்னா முட்டை உனக்கு."

சாயங்காலம் கண்ணாடி மருதப்பனோடு வீட்டுக்குப் போனது, காக்காவுக்கு ஒரே சிரிப்பு. காலையில் திரும்ப வந்து தொங்கியது. மினுக்கன் பார்த்து, "இருக்கான்" என்றான்.

காக்கா கண்ணாடி மேல் எச்சம் போட்டது. மருதப்பன் துண்டால் துடைத்தார். மினுக்கன் பார்த்து, "இருக்கான், குளிச்சுவேற வந்திருக்கான்" என்றான்.

காக்காவுக்கு வெறி ஏறிவிட்டது. கண்ணாடிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, இழுத்து, இன்னும் இழுத்து, கடைசியில் தன் கழுத்தே அதில் மாட்டிக்கொண்டது. பாதி மீசை போன ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, "யோவ், என் மூஞ்சியைத் தூக்கிட்டுப் போகுதுய்யா" என்று கத்தினார். மருதப்பன் சோப்புக் கிண்ணத்தை வீசினார். நுரை காக்கா கழுத்தில் அப்பியது, கயிறு அறுந்தது, கண்ணாடி விழுந்து சில்லுச் சில்லாகச் சிதறியது.

"ஆள் போயாச்சு, எடு முட்டையை," என்றது காக்கா, இருமிக்கொண்டே.

மினுக்கன் கீழே போய்ப் பார்த்தான். ஒவ்வொரு சில்லிலும் ஒருத்தன்.

"அடியே சிட்டாயி, அவன் பங்காளிங்க எல்லாரும் வந்துட்டானுங்கடி."

சிட்டாயி கொம்பிலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "ஒருத்தனை விரட்டச் சொன்னா ஊரையே கூட்டியாந்திருக்கியே காக்காண்ணே. இதுக்குக் கூலி நீதான் எங்களுக்குத் தரணும்."

காக்கா பறந்தே போனது. குளத்தில் முங்கியும் பார்த்தது, அந்தச் சோப்பு போகவே இல்லை. அதனால்தான் ஊர்க்காக்கா கழுத்து இன்றைக்கும் சாம்பல். ஏமாத்தித் தின்ன நினைச்சா கழுத்தில் எழுதி ஒட்டிடும், அவ்வளவுதான்.

முட்டை பொரிஞ்சு குஞ்சாச்சு, குஞ்சு பறந்து பூவுக்குப் போச்சு, கதை உன் காதுக்குள்ள போச்சு, இனி நீ கண்ணை மூடு.