சொல்லாமல் நிறுத்திய எந்திரம்

தெற்கே ஒரு பெரிய மருத்துவமனை. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஜெசிந்தா தலைவி. அவரிடம் சர்வர் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, அது ஓடாமல் போய், இங்கே வந்து சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதனால் குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வருக்கு ஒரு நாள் புதிய ஃபர்ம்வேர் வந்தது. எந்திரத்துக்குள்ளேயே பதிந்து கிடந்து, மின்சாரம் வந்ததும் அதை எழுப்பி நடத்தும் நிரல் அது. பழையதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளியாட்கள் புகுந்துவிடலாம் என்று தயாரித்தவர்களே எச்சரித்திருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை செய்வோம் அண்ணாச்சி” என்றார் ஜெசிந்தா. “அதுக்குள்ள எல்லா வார்டுக்கும் சொல்லிடணும்.”

ஆவுடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டை என்று தெரிந்த பிறகும் ஞாயிறு வரை திறந்துபோட்டு வைப்பதா?

மறுநாள் ஜெசிந்தா ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். மதியச் சாப்பாட்டு வேளை. சர்வரை அதிகம் பேர் தொடவில்லை. ஆவுடையப்பன் தகவல்களை நகல் எடுத்துவைத்தார். யு.பி.எஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சர்வரை நிறுத்தி, ஃபர்ம்வேரை ஏற்றினார். திரையில் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து நிறைந்தது. எந்திரம் அணைந்தது, தானே எழுந்தது, பழையபடி ஓடத் தொடங்கியது. ஒரு பிழைகூட இல்லை.

அடுத்த நாள் காலையில் குரு வந்ததும் ஆவுடையப்பன் தானே போய்ச் சொன்னார். ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று நின்றார்.

“யார்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சீங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“சொல்றதுக்கு என்ன மேடம் இருக்கு? அவங்க சாப்பிட்டுக் கைகழுவுறதுக்குள்ள வேலை முடிஞ்சிட்டு.”

ஜெசிந்தா கையை நீட்டினார். “சர்வர் ரூம் சாவி.”

ஆவுடையப்பன் சாவியைக் கொடுத்தார். முகம் சுண்டிவிட்டது.

“இன்னும் எக்ஸ்ரே சர்வர் பாக்கி. ஞாயித்துக்கிழமை அதை நான் செய்யறேன். நீங்க ஒவ்வொரு வார்டாப் போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“நான் செஞ்சதுல என்ன தப்பு மேடம்?”

“பிரசவ வார்டுல இருந்து ஆரம்பிங்க.”

“போன்ல சொன்னாப் போதாதா?”

“போதாது.”

படியேறும்போது அவருக்கு உள்ளுக்குள் கொதித்தது. வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்தவனை வீடு வீடாய் நோட்டீஸ் கொடுக்கிறவன் மாதிரி அனுப்புகிறார். தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன? இதே வேலையை மேடம் செய்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

பிரசவ வார்டில் ராஜகனி சிஸ்டர் மருந்து பிரித்துவைத்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் விஷயத்தைச் சொன்னார். கூடவே, சும்மா இருக்க முடியாமல், “பயப்படாதீங்க சிஸ்டர். நேத்து மத்தியானம் லேப் சர்வரையும் இப்படித்தான் நிறுத்தி ஏத்தினேன். ஒருத்தருக்கும் தெரியல பாருங்க” என்றார்.

சிஸ்டரின் கை நின்றது.

“நேத்து மத்தியானமா?”

“ஆமா.”

“அப்ப அது நின்னு போயிருந்துச்சா? நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா உங்களுக்கு?” சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இருக்கே, அந்தப் பொண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் ரத்தம் நிக்கல. டாக்டர் ரிசல்ட் எங்கேன்னு கத்தறாங்க. இங்க ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. லேபுக்குப் போன் போட்டா, அங்க வேலை பார்க்கிற முப்புடாதி, ரிசல்ட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன் சிஸ்டர், ஏத்திட்டேன் சிஸ்டர்னு சொல்லுது. பொய் சொல்லாதடின்னு திட்டினேன். அது பாவம், ரிசல்ட்டைத் தாள்ல எழுதிக்கிட்டு மாடியேறி ஓடி வந்துச்சு. வந்த பிள்ளையை வார்டே கூடி நின்னு திட்டுச்சு. நானும் சேர்ந்துதான் திட்டினேன். தாளை நீட்டின கையோட அப்படியே நின்னுச்சு.”

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். இளம்பெண் ஒருத்தி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த அவளுடைய தாய், எதிர்க்கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“லேப்ல இருக்கிற அந்த மூதேவி செஞ்ச வேலை அக்கா. கொஞ்சம் பிந்தியிருந்தா எம்புள்ளையப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போயிருப்போம். அவ வெளங்குவாளா?”

“போய் அந்தம்மாட்ட சொல்லுங்க” என்றார் சிஸ்டர்.

ஆவுடையப்பன் இரண்டடி வைத்தார். அந்தத் தாய் நிமிர்ந்து, “என்னய்யா?” என்றார். ஆவுடையப்பன், “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். மற்ற வார்டுகளுக்குப் போகவில்லை.

நேரே குருவின் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை.

“உங்களுக்கு எல்லாம் தெரியும்.”

“ரிசல்ட் வரலன்னு நேத்தே எனக்குப் போன் வந்துச்சு. அங்கிருந்தே பார்த்தேன், சர்வர் நின்னிருந்தது தெரிஞ்சுது” என்றார் ஜெசிந்தா.

“தெரிஞ்சும் அந்த லேப் பிள்ளையை அப்படியே விட்டுட்டீங்களே மேடம். இது நியாயமா?”

“சர்வர் நின்னதுதான் காரணம்னு பெரிய டாக்டர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவளுக்குக் குடுக்க இருந்த மெமோவை நிறுத்திட்டாங்க.”

“மெமோவை யாரு கேட்டா? வார்டுல அவளைக் கொலைகாரி மாதிரி பேசறாங்க. ஒரு தப்பும் செய்யாத பிள்ளை. இந்நேரம் அங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கும்.”

ஜெசிந்தா எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

“காலையிலயே எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்கிட்ட மன்னிப்புக் கேட்டதோட முடிச்சிருப்பீங்க.”

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். யார் மீது என்று தெரியாத கோபம் இன்னும் நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது. சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

பிறகு எழுந்தார்.

“சரி மேடம். சாயங்காலம் ட்யூட்டி முடிஞ்சு வரும்போது, அந்தப் பிள்ளையைக் கேன்டீன் பக்கம் தனியாக் கூப்பிட்டு, என் மேலதான் தப்புன்னு சொல்லிடறேன்.”

ஜெசிந்தா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“வார்டுல அவளைத் தனியாவா கூப்பிட்டுத் திட்டினாங்க?”