அறுபத்தோராவது குரங்கினம்

ஐரோப்பாவில் இரண்டு மிருகக்காட்சிசாலைகளுக்கு இடையே, யாரிடம் குரங்கினம் அதிகம் என்று போட்டி. எதிராளியிடம் அறுபத்தொரு இனம், நம்ம மிருகக்காட்சிசாலை முதலாளியான வெள்ளைக்காரத் துரையிடம் அறுபதுதான். நடுவர் வருகிற அன்று காலையில், கூண்டு கழுவும் யாழ்ப்பாணத்துக் கந்தவனத்தையே துரை வெறுங்கூண்டில் தள்ளிப் பூட்டினார்.

"வாயைத் திறந்தால் புலிக்கூண்டு!"

கந்தவனம் கூண்டின் மூலையில் குரங்கைப்போலக் குந்தினான்.

நடுவர் வந்து முகம் சுளித்தார். "இது என்ன இனம்?"

"புது இனம். கப்பலில் வந்தது" என்றார் துரை.

"விதிப்படி ஓர் இனத்தில் இரண்டு உருப்படி இருந்தால்தான் சேர்த்தி. மற்றது எங்கே?"

கந்தவனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மற்றது உங்களுக்குப் பக்கத்திலை கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்குது, ஐயா."

நடுவர் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். துரையைப் பார்த்து, "உள்ளே போங்கள், எண்ண வேண்டும்" என்றார்.