ராஜா கேட்காத கேள்வி

பூங்கரை ராஜா சோமசுந்தர பூபதிக்குச் சீட்டாட்டத்தில் தோற்கத் தெரியாது. தோற்பார், அடிக்கடி தோற்பார். தோற்றதை எப்படித் தாங்கிக்கொள்வது என்பதுதான் தெரியாது.

சாயங்காலமானால் அரண்மனைக் கூடத்தில் பிரிட்ஜ் ஆட்டம் களைகட்டும். ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்து ஆடும் ஜோடி திவான் சிங்காரவேலு முதலியார். எதிர் ஜோடி ராணி கமலாம்பிகையும் அரண்மனை வக்கீல் நல்லபெருமாள் பிள்ளையும். பிள்ளை ஆள் ஒல்லி, கொழுப்பெல்லாம் பேச்சில்தான். கொஞ்ச காலமாக ராணியம்மா பக்கமே ஜெயம்.

"என்னய்யா இது?" என்று ராஜா திவானிடம் புலம்பினார். "ராணி கையில் இருப்பது பிள்ளைக்குத் தெரிகிறது. பிள்ளை கையில் இருப்பது ராணிக்குத் தெரிகிறது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன், அவள் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை!"

திவானுக்கு வக்கீலைக் கண்டாலே ஆகாது.

"எல்லாம் சைகை, மகாராஜா! பிள்ளை காதைச் சொறிந்தால் ஆர்ட்டின். மூக்கைத் தேய்த்தால் டைமண்ட். இருமினால் இஸ்பேடு."

"போன வாரம் அவருக்கு ஜலதோஷமல்லவா?"

"அந்த வாரம்தானே நாம் ஓயாமல் தோற்றோம்!"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. உடனே பிள்ளையைக் கூப்பிட்டார்.

"இன்றைய ஆட்டத்தில் நீர் ராணிக்கு முகத்தாலோ குரலாலோ உடம்பாலோ ஒரு சைகையும் காட்டக் கூடாது. ஆனால் ஜெயிக்க வேண்டும். தோற்றால் இத்தனை நாளும் ஆடியது கள்ளாட்டம் என்று அர்த்தம். வேலையும் போகும், அரண்மனை வாசலும் மூடும்."

"அப்படியானால் அந்தக் கள்ளாட்டத்தில் எனக்கும் பங்கு என்கிறீர்களா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த ராணி.

ராஜா அவசரமாக மோட்டுவளையைப் பார்த்தார்.

பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். கள்ளாட்டக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? ஆனாலும் கைகட்டி வணங்கினார். "உத்தரவு, மகாராஜா. சீட்டுப் போட ஒரு கையை மட்டும் விட்டுவையுங்கள்."

திவான் தம் கையாலேயே வேலையை முடித்தார். வாய்க்கு ஒரு பட்டுத்துண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. தலைப்பாகையை இழுத்துக் காது இரண்டையும் மூடினார். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் பிள்ளை.

ஆட்டம் தொடங்கியது. ராஜாவுக்கு நல்ல கை. இஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி எடுப்பேன் என்று ஏலம் கூறினார். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்று ஒரு பிடி, மொத்தம் பதின்மூன்று பிடி. அதில் நாலு எதிராளிக்குப் போனால் ராஜா தோற்றார். ராணி "பாஸ்" என்றாள். பிள்ளை துண்டுக்குள்ளிருந்து "ம்" என்றார்.

"அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இல்லை?" என்றார் திவான்.

ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். அன்று டம்மி திவான். அவரா சும்மா இருப்பவர்? எழுந்து வந்து பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டார். ராஜாவும் கழுத்தை நீட்டிப் பிள்ளையையே பார்த்தார்.

ராணி ஆர்ட்டின் ஏஸை இறக்கினாள். பிள்ளை ஆர்ட்டின் ஒன்பது போட்டார். முதல் பிடி ராணிக்கு.

ராணி ஆர்ட்டின் ராஜாவை இறக்கினாள். பிள்ளை ஆர்ட்டின் இரண்டு போட்டார். அதுவும் ராணிக்கு.

மேஜையில் விரித்த சீட்டில் ஆர்ட்டின் ராணி இருந்தது. இனி அதுதான் பெரிய சீட்டு. மூன்றாம் தடவையும் ஆர்ட்டின் இறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ராஜா மீசையைத் தடவினார்.

ராணி சற்றும் யோசிக்காமல் இன்னொரு ஆர்ட்டினைப் போட்டாள். ராஜா சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்த ஆர்ட்டின் ராணியை நகர்த்தினார். பிள்ளையிடம் ஆர்ட்டின் தீர்ந்துபோயிருந்தது. துருப்பான இஸ்பேடில் ஒரு சின்னச் சீட்டால் அந்த ராணியை வெட்டினார். அடுத்து தம்மிடமிருந்த கிளாவர் ஏஸை வைத்தார். நாலு பிடி போயிற்று!

"திவான்! என்ன பார்த்தீர்?"

"மூக்கைக்கூட அசைக்கவில்லை, மகாராஜா." திவான் தாடையைத் தடவினார். "அந்த அசைக்காததுதான் சைகையோ என்று சந்தேகமாக இருக்கிறது."

ராணி வாய்விட்டுச் சிரித்தாள். "முதலில் அவர் வாய்க்கட்டை அவிழுங்கள்."

பிள்ளை நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சைகை காட்டினேன், மகாராஜா."

"ஆ!" என்றார் திவான்.

"மேஜை மேலேயே காட்டினேன். நான் பெரிய சீட்டுப் போட்டால், 'இதே இனத்தில் இன்னும் வரலாம்' என்று அர்த்தம். சின்னச் சீட்டுப் போட்டால் 'வேண்டாம்'. முதலில் ஒன்பது போட்டேன், வரச் சொன்னேன். அதற்குப் பின் இரண்டு விழுந்ததும், என்னிடம் இருந்தது அவ்வளவுதான் என்று ராணியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் சீட்டைப் பார்த்தார். நீங்கள் இருவரும் என் மூக்கைப் பார்த்தீர்கள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை என்னிடம் ஏனய்யா மறைத்தீர்?"

"மறைக்கவே கூடாது, மகாராஜா. எதிராளி கேட்டால் சொல்லியே ஆக வேண்டும், அது ஆட்டத்தின் சட்டம். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். தாங்கள் யாரைக் கேட்டீர்கள்? உத்தரவுதானே போடுவீர்கள்!"

திவான் பின்னால் ஓர் அடி வைத்தார். ராஜாவின் மீசை துடித்தது. பிறகு தொப்பை குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தினார். "என் சந்தேகத்தை மன்னித்துக்கொள்ளும். இனிமேல் கேட்டுப் பழகுகிறேன்."

சொன்ன கையோடு ராணி பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது.

"ராணி, நாளை முதல் நீ எனக்கு ஜோடியாக ஆடுகிறாயா?"

ராணி கையிலிருந்த சீட்டுகளைப் புரட்டி, ஒன்றை எடுத்து அவர் முன்னால் மெதுவாக வைத்தாள்.

டைமண்ட் இரண்டு.

ராஜா குனிந்து பார்த்தார். இப்போது அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

"வாரும் திவானே," என்று பெருமூச்சு விட்டார், "பழையபடி என் எதிரே வந்து உட்காரும்."