கோரையைத் தோண்டச் சொன்ன நாரை

மலையடிவாரத்து ஏரி ஒன்றில் நெடுங்காலன் என்ற சாம்பல் நாரை வாழ்ந்து வந்தது. ஏரியில் பாதியைக் கோரைப்புல் அடைத்துக்கொண்டு நின்றது. நெடுங்காலனுக்கு அந்தக் கோரையைக் கண்டாலே ஆகாது. துரத்துகிற மீனெல்லாம் அதற்குள்தான் புகுந்து மறையும்!

ஒருநாள் கரையில் ஒரு காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நாரைக்கு ஒரு யோசனை தோன்றியது.

"பன்றி மாமா! இந்தக் காய்ஞ்ச மண்ணுல என்ன கிடைக்கும்? அந்தக் கோரைக்கு அடியில கிழங்கு குவிஞ்சு கிடக்கு. உங்க கூட்டத்தையே கூட்டிட்டு வாங்க!"

"உள்ளே பறவைங்க கூடு இருக்குமே?" என்று தயங்கியது பன்றி.

"அதெல்லாம் எப்பவோ பறந்து போயாச்சு!" என்று கூசாமல் சொன்னது நெடுங்காலன்.

பூவாயி என்ற தாழைக்கோழி உள்ளே குஞ்சு பொரித்திருந்தது. அது நாரைக்கு நன்றாகவே தெரியும். 'ஒரு கூடுதானே! வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று நினைத்துக்கொண்டது.

பன்றிக் கூட்டம் வந்து இறங்கியது. கோரை மொத்தமும் வேரோடு சாய்ந்தது. கலங்கல் தெளிந்தபோது ஏரி வெட்டவெளியாகக் கிடந்தது. ஒளிய இடமில்லாமல் மீன்கள் அலைந்தன. நெடுங்காலன் நின்ற இடத்திலேயே வயிறு முட்டத் தின்றது.

அப்போது பூவாயி தனியாக நீந்தி வந்தது.

"அண்ணே! என் குஞ்சுங்களைப் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. மறைஞ்சுக்க ஒரு புல்லுகூட இல்லை. பன்றிங்களை உள்ளே விட்டது யாரு? நீங்க பார்த்தீங்களா?"

நெடுங்காலனின் அலகில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. 'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டியது.

"ஆமா, பார்த்திருந்தா நீங்க சும்மாவா இருந்திருப்பீங்க? ஒரு குரல் கொடுத்திருப்பீங்களே!" என்று சொல்லிவிட்டுப் பூவாயி போய்விட்டது. அதன்பின் நாரைக்கு எந்த மீனும் ருசிக்கவில்லை.

அடுத்த மழை வந்தது. வேரில்லாத தண்ணீரில் மீன்கள் முட்டையிடவில்லை. தும்பிகள் உட்காரத் தண்டு இல்லாமல் போய்விட்டன. தவளைச் சத்தம் அடங்கியது. வாத்துகளும் வேறு ஏரி தேடிப் போயின. கடைசியாகப் பூவாயியும் கிளம்பியது.

நெடுங்காலனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லு! பன்றிங்களைக் கூப்பிட்டது நான்தான்."

"உள்ளே என் குஞ்சுங்க இருந்தது தெரியுமா அண்ணே?"

"தெரியும்" என்றது நாரை. தலை தானாகக் கவிழ்ந்தது.

பூவாயி வெட்டவெளியான ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு, "மேற்கே ஒரு குட்டையில கோரை இருக்கு. மீனும் இருக்கு. பசிச்சா அங்க வாங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நாரைக்கு.

மேற்குக் குட்டைக்கு அது போனது. ஆனால் மீன் பிடிக்கவில்லை. பூவாயி இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவும் கூசியது. கரையோரமாக ஒரு கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்து, அலகில் கவ்வி வந்து, தன் ஏரியின் சேற்றில் ஊன்றியது. மறுநாளும் போனது. அதற்கடுத்த நாளும் போனது. ஊன்றியதில் பாதி அழுகிப்போயிற்று. மீதி மெல்லத் துளிர்த்தது.

பூவாயி திரும்பி வரவில்லை. வாத்துகளும் வரவில்லை. ஒரு காலையில் ஒரு சின்னத் தவளை மட்டும் எங்கிருந்தோ வந்து, அந்த நாலைந்து கோரைத் தாள்களுக்குள் பதுங்கியது. நெடுங்காலனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. தவளை தன்னைப் பார்த்து நடுங்குவதும் தெரிந்தது.

நாரை மெதுவாகக் காலைத் தூக்கி, அந்தப் பக்கம் நிழல்கூட விழாதபடி விலகிப் போய் நின்றது.

நமக்கு இடைஞ்சலாகத் தெரிவது பிற உயிர்களுக்கு வீடாக இருக்கும். அதை அழிப்பது எளிது, மீண்டும் உண்டாக்குவது மிகக் கடினம்.