ராட்சச மீனும் பொடிப்பல்லு ரம்பமும்

ஏட்டி, காலை ஆட்டாம படு. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், என்ன? ம் வரலைன்னா பெரியம்மா அந்த இடத்துலயே நிப்பாட்டிருவேன், ஆமா.

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு ஓடாவி இருந்தா. ஓடாவின்னா வள்ளம் செய்யுறவ. பேரு சலேத்தம்மா. ஒரு நாள் காலையில அவ வள்ளத்துக்குத் தார் பூசிக்கிட்டு இருக்கா, அப்போ அவ தம்பி கஸ்பார் திடுதிடுன்னு ஓடி வாரான். "யக்கா! கரைகிட்ட ஒரு மீனு கெடக்கு! மீனா அது? நம்ம வீடு கெடக்க மாதிரி கெடக்கு!"

ம் சொல்லு. ஆங்.

போய்ப் பாத்தா... யம்மாடி! கடல் வத்தி, முட்டளவு தண்ணியில ஒரு ராட்சச மீனு. முதுகு பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. யாரையும் கடிக்காத சாது. அதோட ஒரு பக்கத் துடுப்புல ஒரு இரும்பு வளையம். குட்டியா இருக்கும்போது மாட்டினது, மீனு வளர வளர இறுகி இறுகி சதைக்குள்ள இறங்கிட்டு. சின்னப்பிள்ளையில போட்ட காப்பைக் கழட்டாமலே விட்டா எப்படி இருக்கும், அப்படி.

சலேத்தம்மாவுக்கு உசிரே போயிட்டு. ஏன் தெரியுமா? அது அவ கொட்டகை தார் பீப்பாய் வளையம். அவ அடிச்ச நீலப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. உடைஞ்ச பீப்பாயை எந்தக் காலத்துலயோ அவதான் கடல்ல தூக்கிப் போட்டா.

"தண்ணி ஏறினா மீனு போயிரும் கஸ்பாரு. வளையத்தோட போனா செத்துரும். அதுக்குள்ள அறுக்கணும்."

அப்புறம் கஸ்பார் என்ன செஞ்சான்? அடிமரம் அறுக்குற பெரிய ரம்பத்தைத் தூக்கிட்டு வந்தான். "இம்புட்டுப் பெரிய மீனுக்கு இதான் சரி!" வச்சு இழுத்தான் பாரு, டக்! பல்லு வளையத்துல மாட்டிக்கிட்டு. வெடுக்குன்னு இழுத்தான், வளையம் சதையைக் கிழிச்சிட்டு. மீனு ஒரு உதறு உதறுச்சு, பளார்! ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள.

அப்புறம் பலகை அறுக்குற ரம்பம். கிறீச்... கிறீச்... டிங்! ஒரு பல்லு ஒடிஞ்சுது. டிங்! இன்னொண்ணு. மரத்துக்கு வச்ச பல்லு இரும்பைத் தாங்குமா?

தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. தூங்கிட்டியா? ம்னு சொல்லு.

அப்போதான் சலேத்தம்மாவுக்கு உறைச்சுது. நாம இந்நேரம் மீனையே பாத்துக்கிட்டு இருக்கோம், அறுக்கப்போறது மீனையா? வளையத்தைல்லா, மெல்லிசு தகடுல்லா அது! பெரிய ரம்பத்தைத் தகட்டு விளிம்புல வச்சுப் பாத்தா, ரெண்டு பல்லுக்கு நடுவுல தகடு பொத்துன்னு விழுந்துட்டு. அதான் மாட்டியிருக்கு! தொப்புத் தொப்புன்னு கொட்டகைக்கு ஓடி, ஆணி அறுக்குற ஆக்ஸா பிளேடை எடுத்துட்டு வந்தா. விரலால தடவினாத்தான் பல்லு இருக்குன்னே தெரியும், அம்புட்டுப் பொடி.

"இது என்னக்கா, மீனுக்கு நகம் வெட்டவா?"

"வாயை மூடிட்டு என் தோளைப் பிடி. அலை ஆட்டுது."

வச்சுப் பாத்தா, தகட்டு மேல மூணு பல்லு பக்குவமா உக்காந்துட்டு. அப்புறம் அந்தப் பொம்பளை என்ன செஞ்சா தெரியுமா? வளையத்துக்கும் சதைக்கும் நடுவுல இடது கை விரலைத் திணிச்சா. பிளேடு வழுக்கினா என் விரல்ல படட்டும், அது மேல படக்கூடாதுன்னு.

சிர்ர்... சிர்ர்... சிர்ர்...

விரல்ல என்னமோ அடிக்கி. தும்ம்... ... தும்ம்... மீனோட நெஞ்சுடீ! ஒரு தும்முக்கும் அடுத்த தும்முக்கும் நடுவுல ஒரு முழு மூச்சு விட்டுறலாம், அம்புட்டு நிதானம். மீனு வாலால ஒரு அடி அடிச்சா ரெண்டு பேரும் சட்னி. ஆனா அது அசையலை. தண்ணி மாருக்கு வந்துட்டு, கழுத்துக்கு வந்துட்டு, அது அசையவே இல்லை.

சிர்ர்... சிர்ர்... டணார்!

வளையம் அறுந்துது. பிளேடு அவ விரல்ல ஒரு கீறல் போட்டுட்டு அங்ஙனயே நின்னுது. பெரிய ரம்பம்னா விரலும் போயிருக்கும், துடுப்பும் போயிருக்கும். ரெண்டு பேரும் வளையத்தை வளைச்சு உருவினாங்க.

மடங்கிக் கெடந்த துடுப்பு மெள்ள மெள்ள விரிஞ்சுது. மீனு நகர்ந்துது. தலை போச்சு, கண்ணு போச்சு, புள்ளி புள்ளியா முதுகு போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. கடைசியா வாலு ஒரு வீசு வீசி, ஆழத்துக்குள்ள போயிட்டு.

கஸ்பார் அக்கா பக்கம் திரும்பினான். "யக்கா, அது ஏன் அசையவே இல்லை?"

சலேத்தம்மா ஓன்னு அழுதுட்டா. "நான் கடல்ல போட்ட வளையம்தான் இதுன்னு அதுக்குத் தெரியாதேடா! என்னைப் போயி அது நம்பிட்டுதே, கஸ்பாரு!"

ம் வரலையே. சரி. மீனு ஆழத்துக்குப் போயிட்டு, கதையும் கூடவே போயிட்டு. நீயும் கண்ணை மூடிப் போயிரு, என் தங்கம்.