செப்புத் தட்டில் போட்ட சோறு

முன்னொரு காலத்திலே, மலைகள் பேசுவதை நிறுத்திக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தபோது, கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மணிமகுடன் என்ற ராஜா ஆண்டான். அவனுக்கும் ஆற்றுக்கு அக்கரை ராஜாவுக்கும் சண்டை. எதற்கு? ஆற்று நடுவே கிடந்த ஒரு பாறைக்கு! புல்கூட முளைக்காத பாறை. வெயில் காய்கிற ஓணானுக்குத்தான் அது உபயோகம். ஆனால் அது யாருடைய பாறை என்று இரண்டு ராஜாக்களுக்கும் தெரிந்தே ஆக வேண்டுமாம். அதற்காக, கைகால் திடமாக இருந்த ஆண்கள் எல்லாரிடமும் ஈட்டியைக் கொடுத்து ஆற்றங்கரைக்கு ஓட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் போர்கள் நாற்பது நாளில் முடிந்துவிடும். கழுதைகள் சுமந்துபோன அரிசி தீர்ந்ததும், இரண்டு பக்கத்து வீரர்களும் வீட்டைப் பார்க்க நடந்துவிடுவார்கள். இந்தப் போர் மட்டும் மூன்று வருஷமாக முடியவில்லை. காரணம், குளிகன் என்ற மந்திரவாதி.

குளிகன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்புத் தட்டு கொடுத்தான். உச்சிவேளையில் அதில் சோற்றைப் போட்டு, அந்த வீட்டுப் பிள்ளை மூன்று முறை கூப்பிட வேண்டும்:

"அப்பா, அப்பா, அங்கேயே இரு!
அள்ளிப் போட்டேன், அங்கேயே சாப்பிடு!"

மூன்றாவது முறை சொன்னதும் சோறு மறைந்துவிடும். போர்க்களத்தில் அப்பாவின் கையில் போய் விழும். பெரியவர்கள் கூப்பிட்டால் ஒரு பருக்கைகூட அசையாது. பெரியவர்கள் மனசில் எங்கோ ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது கிடையாது. குளிகனுக்கு வேண்டியது அந்தச் சுத்தமான மனசுதான்.

காத்தாயிக்கு எட்டு வயசு. அவள் அப்பா சடையன் கிணறு வெட்டுகிறவர். அவர் போன நாளிலிருந்து அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கூப்பிட்டாள். பானையில் ஒரு கைப்பிடிதான் இருந்தது என்றால் அந்தக் கைப்பிடியையும் தட்டில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அம்மா பொம்மி கண்ணைத் துடைத்தால் அவள் சொல்வாள்:

"எங்கப்பா தினமும் சாப்பிடுறாரு. சாப்பிடுறவரு நல்லாத்தான் இருப்பாரு. நல்லா இருக்கிறவரு வந்துடுவாரும்மா."

அவர்கள் வீட்டில் பஞ்சவர்ணம் என்று ஒரு கழுதை இருந்தது. பேர்தான் பஞ்சவர்ணம், உடம்பு முழுக்க ஒரே சாம்பல். ஒரு காலத்தில் படைக்கு அரிசி சுமந்த கழுதை. செப்புத் தட்டு வந்ததும், இனி வேண்டாம் என்று விரட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் காத்தாயி தட்டில் சோற்றைப் போட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது முறை வாயிலிருந்து வார்த்தை வந்துகொண்டிருக்கும்போதே பசி தாங்காத பஞ்சவர்ணம் தட்டுக்குள் மூஞ்சியை விட்டது. சோறு மறைந்தது. கூடவே கழுதையின் தலையும் மறைந்தது! உடம்பு இங்கே நிற்கிறது, வால் சுழல்கிறது, தலையைக் காணோம்! காத்தாயி வாலைப் பிடித்து இழுத்தாள். 'பொளுக்' என்று தலை திரும்பி வந்தது, மீசையெல்லாம் பருக்கையோடு.

"உப்புப் பத்தல" என்றது கழுதை.

"நீ பேசுறியா?"

"மந்திரிச்ச சோத்தைத் தின்னா கழுதையும் பேசும். அதை விடு தாயி. உங்கப்பனைப் பார்த்தேன்."

"எப்படி இருக்காரு? நல்லா இருக்காரா?"

"எலும்பும் தோலுமா இருக்காரு. முழங்கால் வரைக்கும் மணல்ல புதைஞ்சு நிக்கிறாரு. அவரு மட்டுமா, அத்தனை பேருந்தான். காலைத் தூக்க முடியல. 'அங்கேயே இரு, அங்கேயே இரு'ன்னு இங்கேருந்து தினமும் மூணு தடவை கட்டு போடுறீங்களே, அப்புறம் எப்படித் தூக்குவாங்க?"

காத்தாயி காலித் தட்டைப் பார்த்தாள். "நான்... நான் சோறுதானே அனுப்பினேன்?"

"எனக்கு ஏன் வேலை போச்சுன்னு இப்பத்தான் புரியுது. மூட்டை சுமந்தா கழுதைக்குக் கால் வலிக்கும், ஒரு நாள் படுத்துடும், போரும் படுத்துடும். உன் பாசத்துக்குக் கால் வலிக்காதே தாயி! அது இருக்கிற வரைக்கும் போர் நடக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு மயிலி வந்தாள். காத்தாயியைவிட ஒரு வயசு மூத்தவள். கையில் தட்டு, தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும்.

"புளுகுக் கழுதை! எங்கப்பாவையும் பார்த்துட்டு வா, பார்ப்போம்" என்று சொல்லி மூன்று முறை கூப்பிட்டாள்.

கழுதை தலையை விட்டது. தலை மறைந்தது. திரும்பி வந்தபோது அதன் காது இரண்டும் தொங்கிப்போயிருந்தன.

"எங்கப்பாவைப் பார்த்தியா? சொல்லு!"

"தாயி... அங்க மணல் இல்ல. பட்டு மெத்தை இருக்கு. மணிமகுடன் உட்கார்ந்து உன் குழம்பைத் தின்னுட்டு, 'இந்த வீட்டுக் கருவாடு ருசியே தனி'ங்கிறான். பக்கத்துல குளிகன். 'எடுத்துக்க ஆள் இல்லாத சோறெல்லாம் அரண்மனைக்குத்தானே ராசா'ங்கிறான்."

எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத சோறு. மயிலிக்குப் புரிந்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. "ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். "ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையேடி."

காத்தாயிக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. அப்பா செத்ததைச் சொல்லாமல், அந்தப் பிள்ளையைத் தினமும் கூப்பிட வைத்து, அது வாயைக் கட்டி அனுப்பிய சோற்றை அள்ளித் தின்ன ஒருவன்! அவனுக்குத் தலையில் மகுடம் வேறு! எத்தனை பேர் செத்தார்களோ அத்தனை குழம்பு அவனுக்கு!

"நான் இனிமே கூப்பிட மாட்டேன்" என்றாள்.

"நீ மட்டும் நிறுத்தினா, ரெண்டு மூணு நாள்ல கட்டுத் தளர்ந்து உங்கப்பன் மட்டும் எந்திரிப்பாரு. தளபதி ஈட்டியை வீசுவான்" என்றது கழுதை. "எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சா எவன்மேல வீசுவான்?"

இரண்டு பெண்களும் கழுதை மேல் ஏறி வீடு வீடாகப் போனார்கள். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு பையன், "உங்கப்பாவைப் பட்டினி போடு, எங்கப்பாவை ஏன்டி போடச் சொல்றே?" என்று மண்ணை வாரி எறிந்தான். மூன்றாவது வீட்டில் மயிலி இறங்கிப் பேசினாள்.

"என் தட்டும் தினமும் காலியாச்சு. காலியானா அப்பா சாப்பிட்டாருன்னு நானும்தான் நம்பினேன். உன் சோத்தை யாரு சாப்பிடுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஊர், அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று சேதி போனது. அக்கரைப் பிள்ளைகளிடமும் அதே செப்புத் தட்டுகள்தான். குளிகன் இரண்டு ராஜாக்களுக்கும் சோறு திருடிக் கொடுத்தான். பஞ்சவர்ணம் ஆற்றை நீந்திப் போய் அங்கேயும் சொல்லிவிட்டு வந்தது.

முதல் நாள் உச்சிவேளை. ஒரு பிள்ளையும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாளும் கூப்பிடவில்லை. பொம்மி அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "அந்த மனுசன் பசியோட நிப்பாரேடி" என்று அரற்றினாள். ஆனாலும் காத்தாயி தட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் ராஜாவின் தேர் வாசலில் வந்து நின்றது. சமையல்காரர்களையும் போருக்கு அனுப்பிவிட்டவன் அல்லவா? இரண்டு நாள் பட்டினியில் மகுடம் காதுவரை இறங்கியிருந்தது.

"ராஜத் துரோகம்!" என்று கத்தினான். குரல் கீச்சென்று வந்தது. "கழுதை மேல ஊர் ஊரா அலைஞ்சவ நீதானே? நாட்டுக்காக நிக்கிறவனுக்குச் சோறு போட மாட்டியா?"

"போட்டேன் ராசா. மூணு வருஷமா போட்டேன். மயிலி போட்டதை நீங்க தின்னுட்டீங்க" என்றாள் காத்தாயி.

ராஜாவோடு வந்த குளிகன் குனிந்து, குரலைத் தேனாக்கிப் பேசினான். "பாப்பா, உங்கப்பன் கண்ணு சொருகிக் கிடக்கான். பொழுது சாயறவரைக்கும்கூடத் தாங்க மாட்டான். நீ கூப்பிட்டாப் பிழைப்பான். உனக்கு அப்பா வேணுமா, வேண்டாமா?"

காத்தாயி தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டாள். வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"அப்பா, அப்பா..." என்றாள்.

ராஜா நாக்கால் உதட்டைத் துடைத்தான்.

"எந்திரிச்சு வா! வீட்டுக்கு வந்து சாப்பிடு!"

"ஏய்! அது மந்திரம் இல்ல!" என்று அலறினான் குளிகன்.

"எங்கப்பாவை நான் கூப்பிடுறேன். உனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது முறை கத்தினாள். வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்றாவது முறை தெரு முழுக்கக் கத்தியது. துளிகூடச் சந்தேகம் இல்லாத குரல்கள்.

'டணார்' என்று தட்டு இரண்டாகப் பிளந்தது. இக்கரையிலும் அக்கரையிலும் இருந்த தட்டெல்லாம் பிளந்தது. குளிகன் பாதத்திலிருந்து பச்சை ஏறியது. முழங்கால் பச்சை, வயிறு பச்சை, மூக்கு பச்சை. பிறகு ஆள் இல்லை. தரையில் செம்புக் களிம்பு மட்டும் கொஞ்சம் கிடந்தது. பொம்மி ஒரு உருண்டைப் புளியைப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

அந்த நேரத்தில் ஆற்றங்கரை மணல் கால்களை விட்டது. இக்கரை வீரர்கள் எழுந்தார்கள். அக்கரை வீரர்கள் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உங்க வீட்டுல இன்னிக்கு என்ன குழம்பு?" என்று ஒருவன் கேட்டான். பதிலுக்குக்கூட நிற்காமல் எல்லாரும் நடந்தார்கள். தளபதிதான் எல்லாருக்கும் முன்னால் நடந்தான். அவனுக்கும் பசிதானே!

மறுநாள் உச்சிவேளையில், எலும்பும் தாடியுமாக ஒரு மனிதர் வாசலில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி... கஞ்சி இருக்கா?"

காத்தாயி ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவருடைய இடது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த வீரர்கள் மணிமகுடனைப் பிடித்து ஆற்றில் எறியப் போனார்கள். மயிலிதான் தடுத்தாள்.

"எறிஞ்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சுடும். எங்களுக்குச் சொல்ல வேண்டியதை யாரு சொல்றது? அவரு நடந்து வந்து சொல்லட்டும். அப்பா வராத ஒவ்வொரு வீட்டுக்கும்."

அப்படியே ஆனது. தேர் இல்லை, செருப்பு இல்லை, மகுடம் இல்லை. மணிமகுடன் முதலில் மயிலி வீட்டு வாசலில் வந்து நின்றான். தெருவே நின்று பார்த்தது. காத்தாயி அப்பாவின் தோளில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா... உன் அப்பா..." என்று ஆரம்பித்தான்.

"எங்கப்பா பேர் என்ன?" என்று கேட்டாள் மயிலி.

அவனுக்குத் தெரியவில்லை. மாசக்கணக்காக அந்த மனிதரின் சோற்றைத் தின்றவன், பேர் தெரியாமல் நின்றான்.

"இருளாண்டி" என்றாள் மயிலி. "சொல்லுங்க."

"இருளாண்டி."

"கேக்கல."

"இருளாண்டி!"

"தெருக்கோடி வரைக்கும் கேக்கணும் ராசா."

அவன் சத்தம் போட்டுச் சொன்னான். அப்புறம்தான் மயிலி அழுதாள். காத்தாயி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சடையன் மெதுவாக வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். மணிமகுடன் அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தான். இன்னும் எத்தனையோ வாசல்கள் இருந்தன.

கதை இத்தோடு நின்றது. கேட்டவர்கள் வீட்டில் உலை கொதிக்கட்டும். சாப்பிட எல்லாரும் வீடு வந்து சேரட்டும்.